ஒரே கைப்பேசி, வெவ்வேறு நாடுகள்: சிக்னல் எதனால் மாறுகிறது?

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் எம்ஆர்டி இரயில் சுரங்கத்துக்குள்ளும் கடைத்தொகுதியின் நிலத்தடிக் கார்நிறுத்தத்திலும் தடையின்றிப் பேச முடிகிறது. அதே கைப்பேசியோடு பட்டுக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள சொந்த ஊருக்குப் போனால் மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வடக்கே காரில் போனபோதோ சிக்னல் அடியோடு அற்றுப்போனது. குறை கைப்பேசியிலா, தொலைத்தொடர்பு நிறுவனத்திலா, நாட்டிலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வானொலி அலைகளின் இயல்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். கோபுரம் எங்கே நிற்கிறது, எந்த அலைவரிசையில் எவ்வளவு ஆற்றலோடு பேசுகிறது, அதற்கு மின்சாரமும் இணைப்பும் எங்கிருந்து வருகின்றன என்பவைதான் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை பொறியாளர் கையில் இல்லை. கைப்பேசிக் கட்டமைப்புத் திட்டமிடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கே கோபுரம் நட வேண்டும் என்று வரைபடத்தில் குறிப்பது அரை நாள் வேலை; அந்த இடத்தில் நடுவதற்கு யார் பணம் தருவது என்று முடிவாவதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

முதலில் ‘99 விழுக்காடு சேவைப் பரப்பு’ என்ற விளம்பரத்தை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம், ஏனென்றால் உங்கள் ஆஸ்திரேலியப் பயணத்துக்கான விடை அதில்தான் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் அந்தக் கணக்கை மக்கள்தொகையை வைத்துப் போடுகின்றன, நிலப்பரப்பை வைத்து அல்ல. ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய கட்டமைப்பை வைத்திருக்கும் டெல்ஸ்ட்ரா, தான் மக்கள்தொகையில் 99.7 விழுக்காட்டினரை எட்டுவதாகச் சொல்கிறது. அதே நிறுவனம் தன் சேவை எட்டுவதாகச் சொல்லும் நிலப்பரப்பு சுமார் 30 இலட்சம் சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் மொத்தப் பரப்போ ஏறத்தாழ 77 இலட்சம் சதுர கிலோமீட்டர். இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும், ஏனென்றால் அந்நாட்டு மக்கள் கடற்கரையோர நகரங்கள் சிலவற்றில் நெருங்கி வாழ்கிறார்கள்; உள்நாடு ஏறக்குறைய வெற்றிடம். நீங்கள் காரில் போனது மக்கள் கணக்கில் இடம்பெறாத நிலத்தின் வழியாக. ஆகவே அங்கே சிக்னல் அற்றுப்போனதைப் பழுதாகக் கொள்ள முடியாது, திட்டமே அப்படித்தான்.

பிரிட்டனில் இதே பிரச்சினை வேறு வடிவில் எழுந்தது. நகரங்களில் நான்கு நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு கோபுரம் நட்டன. வேல்ஸின் மலைகளிலும் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் ஒருவரும் நடவில்லை. 2020 மார்ச்சில் அரசாங்கமும் நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 100 கோடி பவுண்டு செலவில் கிராமப்புறப் பொதுக் கட்டமைப்புத் திட்டம் ஒன்றுக்கு உடன்பட்டன. அதன் இலக்கு, 2025 இறுதிக்குள் நாட்டின் நிலப்பரப்பில் 95 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் 4ஜி கிடைக்க வேண்டும் என்பது. மக்கள்தொகையை விட்டுவிட்டு நிலப்பரப்பை அளவுகோலாக எடுத்துக்கொண்டதைக் கவனியுங்கள். அளவுகோல் மாறியபின்தான் கோபுரங்கள் அந்த மலைகளுக்குப் போயின.

இனி நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8,000 பேர். ஆஸ்திரேலியாவில் அது நான்கு பேர்கூட இல்லை. இங்கே எந்த இடத்தில் ஓர் ஆண்டெனாவை வைத்தாலும் அதன் செலவைப் பகிர்ந்துகொள்ள ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். இங்குள்ள மிக உயரமான குன்றான புக்கிட் தீமா 164 மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். கோபுரம் என்று தனியாக ஒன்றை எழுப்ப வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடங்களின் கூரைகளே கோபுரங்கள். உங்கள் புளோக்கின் உச்சியை அண்ணாந்து பார்த்தால் நீளமான வெள்ளைப் பெட்டிகள் சில தெரியும், அவைதாம்.

ஆனால் அடர்த்தி மட்டும் சுரங்கத்துக்குள் சிக்னலைக் கொண்டுவந்துவிடாது. நிலத்தடி எம்ஆர்டியில் பேச முடிவதற்குக் காரணம், சுரங்கச் சுவரில் நெடுகப் போடப்பட்டிருக்கும் ஒருவகைத் தடித்த கம்பிவடம். அதன் உறையில் இடைவெளி விட்டு வெட்டப்பட்டிருக்கும் சிறு துளைகளின் வழியே அலை கசிந்துகொண்டே போகும். சொட்டுநீர்ப் பாசனக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆகும் செலவு பெரிது. அதை நிறுவனங்கள் தாமாக முன்வந்து ஏற்றுக்கொண்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வெளிப்புறம், கட்டட உட்புறம், சுரங்கம் ஆகியவற்றுக்குச் சேவைத்தர அளவுகோல்களை வகுத்து, தவறினால் அபராதம் விதிக்கிறது. அதோடு, புதிய கட்டடங்களில் கைப்பேசிக் கருவிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டிய கடமையைக் கட்டட மேம்பாட்டாளர்மீது விதிமுறை சுமத்துகிறது. பல நாடுகளில் கூரை வாடகைக்காக நிறுவனமும் கட்டட உரிமையாளரும் மாதக்கணக்கில் இழுபறி நடத்துவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு விதியின் அருமை புரியும்.

இங்கும் குறைகள் உண்டு. 1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டப்பட்ட வீவக வீடுகளில் இருக்கும் பாதுகாப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பாருங்கள். கம்பி கட்டிய தடித்த கான்கிரீட்டும் எஃகுக் கதவும் அலையை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுக் கண்ணாடி பதித்த அலுவலகங்களிலும் இதே கதை: அந்தப் பூச்சு வெப்பத்தை மட்டுமன்றி வானொலி அலையையும் திருப்பி அனுப்புகிறது. 20 டெசிபெல் இழப்பு என்பது அங்கே சாதாரணம். அதாவது நூறில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே வருகிறது. நாடுகளை ஒப்பிடும்போது பலரும் கட்டடப் பொருளை மறந்துவிடுகிறார்கள். ஓட்டு வீடும் மர வீடும் உள்ள ஊரில் ஒரே கோபுரம் நான்கு தெருவுக்கு அப்பாலும் வீட்டுக்குள் எட்டும். கான்கிரீட் நகரத்தில் எட்டாது.

அலைவரிசைக்கு வருகிறேன், இதைச் சற்று நின்று விளக்க வேண்டும். கைப்பேசிகள் ஏறத்தாழ 600 மெகாஹெர்ட்ஸ் தொடங்கி 3.5 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான பல பட்டைகளில், அதாவது அலைவரிசைத் தொகுதிகளில், பேசுகின்றன. சில நாடுகளில் 26, 28 ஜிகாஹெர்ட்ஸும் உண்டு. தாழ்ந்த அலைவரிசை தொலைவு போகும், சுவரைத் துளைக்கும், மேட்டின் விளிம்பில் வளைந்து இறங்கும். உயர்ந்த அலைவரிசை இவற்றில் பின்தங்கினாலும் ஒரே நேரத்தில் மிகுதியான தரவைச் சுமக்கும். 700 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 43 சென்டிமீட்டர், 3.5 ஜிகாஹெர்ட்ஸினுடையது 9 சென்டிமீட்டருக்கும் குறைவு, 28 ஜிகாஹெர்ட்ஸினுடையது ஒரு சென்டிமீட்டர் அளவு. கடைசியில் சொன்னதை ஒரு மரமோ, ஏன், கைப்பேசியைப் பிடித்திருக்கும் கையோகூடத் தடுத்துவிடும். தென்கொரியா 2019 ஏப்ரலில் 5ஜி சேவையைத் தொடங்கி உலகுக்கே முன்னோடியாக நின்ற நாடு. அங்கேயே 28 ஜிகாஹெர்ட்ஸ் உரிமம் பெற்ற மூன்று நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் நிலையங்களை அமைக்காததால், 2022 இறுதியிலும் 2023லும் அரசாங்கம் அந்த உரிமங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆக, பரந்த கிராமப்புறம் உள்ள நாட்டுக்குத் தாழ்ந்த பட்டைகள் தங்கம். அவற்றைத்தான் தொலைக்காட்சி ஒளிபரப்புகள் பல்லாண்டுகளாக வைத்திருந்தன. சிங்கப்பூர் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 2017இல் ஏலம் விட்டது. 2019 தொடக்கத்தில் இங்கே அனலாக் தொலைக்காட்சியும் நின்றுவிட்டது. இருந்தும் அந்தப் பட்டையை உடனே முழுதாகப் பயன்படுத்த முடியவில்லை, ஏனென்றால் அண்டை நாடுகளின் அனலாக் ஒளிபரப்பு அதே பட்டையில் தொடர்ந்துகொண்டிருந்தது. மலேசியா 2019 அக்டோபரில் நிறுத்தியது. இந்தோனேசியா அதன்பின் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. குடியேற்றச் சாவடியில் கடப்பிதழைக் காட்டாமல் எல்லையைத் தாண்டுபவை வானொலி அலைகள் மட்டுமே. உட்லண்ட்ஸிலோ புலாவ் உபினிலோ நிற்கும்போது ‘மலேசியாவுக்கு நல்வரவு’ என்று குறுஞ்செய்தி வருவதும் இதனால்தான். எல்லையோர நிறுவனங்கள் ஆண்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்த்தும் ஆற்றலைக் குறைத்தும் கசிவைக் கட்டுப்படுத்த வேண்டியிருப்பதால், எல்லையை ஒட்டிய தெருக்களில் உள்நாட்டுச் சிக்னலும் சற்று மெலிந்துவிடலாம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கோபுரம் உங்களிடம் பேசினால் போதாது. நீங்களும் அதனிடம் பேச வேண்டும். கோபுரம் பல பத்து வாட் ஆற்றலில் அனுப்புகிறது. உங்கள் கைப்பேசியின் உச்ச ஆற்றல் பொதுவாக 0.2 வாட். திரையில் இரண்டு கோடு தெரிந்தும் அழைப்பு போகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்: அதன் குரல் உங்களுக்குக் கேட்கிறது, உங்கள் குரல் அதற்குக் கேட்கவில்லை. அந்தக் கோடுகளுக்கும் உலகப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு தயாரிப்பாளரின் மூன்று கோடு இன்னொருவரின் இரண்டு கோடாக இருக்கக்கூடும். ஆகவே இரண்டு நாடுகளைக் கோடுகளைக் கொண்டு ஒப்பிடாதீர்கள்.

நில அமைப்பும் தட்பவெப்பமும் உங்களுக்குத் தெரிந்தவைதாம், சுருக்கமாகச் சொல்கிறேன். 50 மீட்டர் கோபுரத்திலிருந்து, பூமியின் வளைவு மறைக்கும் வரை, சமவெளியில் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோமீட்டர் எட்டும். நீலகிரியிலோ இலங்கையின் மலையகத்திலோ கேமரன் மலையிலோ அடுத்த வளைவிலேயே மலை குறுக்கே நிற்கும். ஈரமான அடர்ந்த இலைகள் அலையை உறிஞ்சும் என்பதால் மழைக்காடும் எண்ணெய்ப்பனைத் தோட்டமும் சேவையைச் சுருக்கும். மழையைப் பற்றி மட்டும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. கைப்பேசிப் பட்டைகளில் மழையால் நேரடி இழப்பு மிகச் சொற்பம். ஆனால் கோபுரத்தையும் கட்டமைப்பின் மையத்தையும் இணைக்கும் நுண்ணலை இணைப்புகள் 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்கும்போது, கனமழை அவற்றைப் பலவீனமாக்கும். மழையில் ‘லைன் போய்விட்டது’ என்பவர் சொல்வது பொய்யல்ல; பழுது அவர் நினைக்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பின்புற இணைப்புதான் ஏழை நாடுகளையும் பணக்கார நாடுகளையும் உண்மையில் பிரிக்கிறது என்பது என் கருத்து. கோபுரத்தை நட்டுவிட்டு ஒளியிழை இல்லாமல் நிற்பது, யானையை வாங்கியவன் அங்குசத்துக்குத் தயங்குவதுபோல. 17,000 தீவுகளைக் கொண்ட இந்தோனேசியா 2019இல் பலப்பா வளையம் என்ற ஒளியிழைத் திட்டத்தை நிறைவு செய்தது. அதன் பெரும்பகுதி கடலுக்கடியில். அதுவும் எட்டாத பள்ளிகளுக்கும் மருந்தகங்களுக்கும் 2023 ஜூனில் சத்ரியா-1 என்ற செயற்கைக்கோளை ஏவியது. சிங்கப்பூருக்குப் பக்கத்திலுள்ள பாத்தாம் தீவில் கிடைக்கும் வேகத்தை வைத்து, நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள பாப்புவாவை மதிப்பிட முடியாது.

மின்சாரம் இதற்கு இணையானது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கோபுரங்கள் பல நின்றுகொண்டுதான் இருந்தன. பேட்டரி தீர்ந்து, டீசலும் வந்து சேராததால் ஊமையாயின. சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்த குடும்பங்கள் தேக்கா எனும் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் எத்தனையோ இருந்தன. உங்கள் பகுதியும் அதில் அடிபட்டதுதான். மின்வெட்டு மிகுந்த ஊர்களில் ஒரு கோபுரத்தின் நடைமுறைச் செலவில் டீசலும் பேட்டரியும் பெரும் பங்கைத் தின்றுவிடுகின்றன. வருமானம் குறைந்த கிராமத்துக்கு நிறுவனங்கள் தயங்குவதற்கு இது வலுவான காரணம்.

இந்தியாவில் இன்னொரு சட்டக் காரணமும் இருக்கிறது. கோபுரக் கதிர்வீச்சுக்கு அனைத்துலகப் பரிந்துரை அனுமதிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் அனுமதிக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸில் பரிந்துரை ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட், இந்திய வரம்பு 0.45 வாட். மக்களின் அச்சத்துக்கு மதிப்பளித்த விதி அது. ஆனால் நெருக்கமான நகரங்களில் ஒவ்வொரு நிலையத்தின் ஆற்றலையும் அடக்கி வைத்தால் அதே பரப்பை நிரப்ப அதிகமான நிலையங்கள் தேவைப்படும். கோபுரம் வேண்டாம் என்று போராடும் அதே தெருவில் சிக்னல் இல்லை என்ற புகாரும் எழுவதில் வியப்பில்லை. கிராமப்புறத்துக்கு வேறு மருந்து: 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, சேவையே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்று, அதை அரசு நிறுவனமான பிஎஸ்என்எல்லிடம் ஒப்படைத்தது. தனியார் கணக்குப் போட்டால் அந்தக் கிராமங்களுக்கு முறை வரவே வராது.

சட்டம் வேண்டுமென்றே சிக்னலை விலக்கி வைத்த இடமும் உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா மாநிலங்களில் 1958இல் அறிவிக்கப்பட்ட தேசிய வானொலி அமைதி வலயம் சுமார் 34,000 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரைப்போல நாற்பது மடங்குக்கும் மேல். கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கியின் காதில் இரைச்சல் விழக்கூடாது என்பதற்காக அங்கே அலைபரப்பிகள் கட்டுப்படுத்தப்படுகின்றன. தொலைநோக்கியின் அருகில் கைப்பேசிச் சேவை இல்லை.

இனி கைப்பேசியின் பங்கு. அது சிறியது, ஆனால் இல்லாமல் இல்லை. ஒரு நாடு முக்கியமாக நம்பியிருக்கும் பட்டை உங்கள் கருவியில் இல்லையென்றால், கோபுரம் எதிரே நின்றாலும் உங்களுக்கு அது இல்லாததுதான். ஜப்பானும் தென்கொரியாவும் ஜிஎஸ்எம் என்ற 2ஜி முறையை ஏற்காததால், ஒரு காலத்தில் நம் கைப்பேசிகள் அங்கே இறங்கியதும் வெறும் கடிகாரங்களாயின. இப்போது சிக்கல் பழைய தலைமுறைகளை மூடுவதில் இருக்கிறது. சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் 2ஜியையும் 2024இல் 3ஜியையும் நிறுத்தியது. மலேசியா 3ஜியை 2021 இறுதிக்குள் மூடியது. இந்தியாவில் 2ஜி இன்னும் ஓடுகிறது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி மூடப்பட்டபோது, சாதாரண அழைப்பை 4ஜியில் செய்துவிட்டு அவசர எண்ணுக்கு மட்டும் 3ஜியைத் தேடும் கைப்பேசிகள் சில இருப்பது கண்டறியப்பட்டு, அவற்றைக் கட்டமைப்பில் சேர்க்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கு உத்தரவிடப்பட்டது. வெளிநாட்டில் வாங்கிய கருவிகள் இதில் அதிகம் சிக்கின.

சிக்னல் முழுதாக இருந்தும் இணையம் நகராமல் இருந்தால் அது வேறு நோய். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில், தீபாவளிக்கு முந்திய இரவு தேக்காவில், தேசிய தின அணிவகுப்பின்போது பாடாங்கில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அலை எட்டுகிறது, ஆனால் ஒரே நிலையத்தை ஆயிரம் பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். சென்னை போன்ற நகரங்களில் மாலை வேளையில் வேகம் படுத்துவிடுவது பெரும்பாலும் இந்த நெரிசலால்தான், சேவைப் பரப்புக் குறைவால் அல்ல. சுற்றுலாப் பயணிகள் இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு நாட்டையே குறை சொல்வதை அடிக்கடி கேட்கிறேன்.

உங்கள் அடுத்த பயணத்துக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. ஆஸ்திரேலியாவில் நகரத்தை விட்டு வெளியே போவதானால், ரோமிங்கில் உங்கள் சிங்கப்பூர் நிறுவனம் எந்தக் கட்டமைப்போடு கூட்டு வைத்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். நகரத்துக்குள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். 200 கிலோமீட்டர் தாண்டியபின் வேறுபாடு மிகப் பெரிது. வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அண்மைக்கால ஐபோன்கள் சிலவற்றில் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி 2022 இறுதியிலிருந்து இருக்கிறது. அது திறந்த வானத்தின்கீழ் மட்டுமே வேலை செய்யும், நாட்டுக்கு நாடு அனுமதியும் மாறும். பட்டுக்கோட்டைப் பக்கம் போகும்போது உள்ளூர் சிம் வாங்குவதானால், கடைக்காரரை விட அந்தத் தெருவில் குடியிருக்கும் அத்தையிடமோ சித்தப்பாவிடமோ எந்த லைன் வீட்டுக்குள் எடுக்கிறது என்று கேளுங்கள். எந்தக் கோபுரம் எந்தத் திசையில் நிற்கிறது, எந்தச் சன்னலோரத்தில் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.